ஏசினார், பேசினார்

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஏழாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். பெயர் எழுதச் சொன்னால் பதினோரு பேர் தங்கள் பெயரையே தப்பாக எழுதினார்கள். சிவப்பு மையில் வட்டம் போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "ஆவுடை டீச்சர், மொத நாளே வட்டமா? பாவம் பிள்ளைங்க" என்றார். முதல் நாளில் செய்தாலும் பிழை பிழைதானே.

வரும் வழியில் மீன் வாங்க கடற்கரைத் தெருப் பக்கம் திரும்பினேன். எதிரே அமலோற்பவம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் தங்கச்சி தோளைப் பிடித்தபடி வந்தாள். மீன்காரியிடம் நான் விலை கேட்ட குரல் காதில் விழுந்ததும் தங்கச்சியை இழுத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

போன அக்டோபரில் ஹார்பர் ஐஸ் பிளாண்டில் அமோனியா கசிந்து என் வீட்டுக்காரர் சித்திரைவேல் செத்துப்போனார். வாசலில் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த அமலோற்பவத்துக்கு ஒரு கண் அடியோடு போய், மறு கண்ணில் நிழல் மட்டும் தெரிகிறது. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று பிளாண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேட்டர் என் வீட்டுக்காரர். அவள் அந்தப் பக்கம் போகத்தான் செய்வாள்.

சாளை வாங்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குவது என்பது இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 5, வியாழன்

தொழிற்சங்கத்துக் கந்தவேல் வந்தார். விபத்து விசாரணை பதினாறாம் தேதி தொடங்குகிறதாம். காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. மனிதர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அக்கா, அண்ணன் ரெண்டு மாசமா கசிவப் பத்திச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. எங்க எல்லாத்துக்கும் தெரியும். ஆனா பிளாண்ட்ல இப்பம் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். புகார் நோட்டுலயும் ஒண்ணும் இல்ல. எழுத்துல எங்கயாச்சும் இருந்தாத்தான் அண்ணன் பேரு தப்பும்" என்றார்.

"தினவரியில இருக்கு" என்றேன்.

தினவரி என்பது ஃபோனில் ஒரு செயலி. தினம் ஒரு வரி, இரண்டு வரி எழுதிப் போடலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவர் மூன்று வருடமாக அதில் எழுதினார். "வீட்டு வரி, தண்ணி வரி பத்தாதுன்னு இது வேறயா" என்று கேலி பண்ணுவேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். சின்ன ர, பெரிய ற எல்லாம் அவருக்கு ஒன்றுதான். காலையில் வேலைக்குப் போகும் முன் எனக்குப் படித்துக் காட்டுவார். பிழை சொன்னால் சிரிப்பார், திருத்த மாட்டார். "நீ திருத்துனா அது உன் எழுத்தாயிரும்லா" என்பார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லாவற்றையும் ஒருமுறை படித்தேன். அப்புறம் திறக்கவில்லை. திறந்து என்ன, மனப்பாடம். 'இன்னைக்கும் வாடை. சார்ட்ட சொன்னேன். ஏசினார்.' இதே மூன்று வாக்கியம், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைக்கும் பதினான்கு தடவை.

"வாடைன்னு மொட்டையா எழுதாதீங்க, அமோனியா வாடைன்னு எழுதுங்க" என்று நான் சொன்னதுண்டு. "வாடைன்னா எங்க பிளாண்ட்ல எல்லாத்துக்கும் தெரியும்" என்று விட்டுவிட்டார். சார் என்றால் மேனேஜர் தனபாலன். ஏசினார் என்றால் திட்டினார். எங்கள் பக்கத்தில் இதைக் கைக்குழந்தைகூடச் சொல்லும்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை. நாற்பத்திரண்டு நோட்டு திருத்தினேன்.

ஜூன் 16, திங்கள்

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. வேலூர்ப் பக்கமாம். எல்லாரையும் உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

நாங்கள் தினவரி என்று வாயெடுப்பதற்கு முன்பே பிளாண்ட் வக்கீல் அதை அச்செடுத்து வைத்திருந்தார். எழுந்து நின்று படித்தார்.

"'இன்றும் வாடைக்காற்று. சாரிடம் சொன்னேன். பேசினார்.' இது இறந்தவரே எழுதினது மேடம். இதே மாதிரி பதினாலு இடத்துல இருக்கு. இன்னொரு நாள், 'கண்ணைக் காந்தமாய் ஈர்க்கும் வாடைக்காற்று.' மனுஷன் காத்தை ரசிச்சு எழுதியிருக்கார். மேனேஜர்கிட்ட சொன்னா அவரும் நல்லபடியா பேசியிருக்கார். கசிவுங்கற வார்த்தையே எங்கயும் இல்லை. இதுல புகார் எங்க இருக்கு?"

தாளை என் கையில் கொடுத்தார்கள். தேதி சரி. அவர் பெயர் சரி. அவர் படம், கழுத்துப் பொத்தான் போட்ட சட்டையோடு, சரி. வார்த்தை மட்டும் அவருடையது இல்லை.

ஒன்றை இங்கே மறைக்காமல் எழுதி வைக்கிறேன். முதல் வாசிப்பில் ஒரு நொடி, நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். சந்தி சரியாக இருந்தது. இருபத்தாறு வருடமாகச் சிவப்பு மை பிடித்த கை அப்படித்தான் நினைக்கும். அடுத்த நொடி தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"இது அவர் எழுதினது இல்ல" என்றேன். "அப்போ அவர் கணக்குல யாரும்மா எழுதினாங்க?" என்று அதிகாரி கேட்டார். தனபாலன் தலையைக் குனிந்தபடி தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த விசாரணை ஜூலை பதினான்கு.

ஜூன் 17, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். தினவரியைத் திறந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எறும்பு சைஸில் ஒரு வரி இருக்கிறது. 'இப்பதிவு மொழிச்செம்மை செய்யப்பட்டது.' மார்ச் மாதத்தில் பழைய பதிவுகள் அத்தனையையும் அவர்களாகவே திருத்தியிருக்கிறார்கள். எழுதியவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அவர் ஏது.

எப்படி நடந்தது என்று எனக்குப் புரிகிறது, அதுதான் எரிச்சல். 'ஏசினார்' என்பதை மெஷின் எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டு 'பேசினார்' ஆக்கிவிட்டது. 'வாடை' என்றால் அதற்குத் தெரிந்தது வடக்கே இருந்து வரும் காற்று. அவர் எழுதியது 'கண்ணு காந்துது' என்று. கண் எரிகிறது என்று அர்த்தம். அதைக் காந்தம் என்று பிடித்துக்கொண்டு கவிதை பாடியிருக்கிறது.

கீழே போகப் போக எல்லாம் அப்படித்தான். என் பிறந்தநாளன்று அவர் எழுதியது: 'ஆவுடைக்கு இன்னைக்கு பொறந்தநாள். அல்வா வாங்கனும். மரந்துராத.' அது இப்போது 'என் அன்பு மனைவிக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். இனிப்புடன் கொண்டாடுவோம்!' என்றிருக்கிறது. அவர் வாழ்நாளில் என்னை அன்பு மனைவி என்று சொன்னதில்லை. சொல்லச் சொன்னால் கூச்சத்தில் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அந்த 'மரந்துராத'வுக்கு அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஊரே படிக்கிற இடத்தில் டீச்சர் வீட்டுக்காரர் சின்ன ர போடுகிறாரே என்று. இப்போது அந்தச் சின்ன ர வேண்டும் என்று தேடுகிறேன். மூன்று வருடத்து எழுத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. அழுதேன். அழுது முடித்து முகம் கழுவி, ஊற வைத்த துணியைத் துவைத்தேன்.

ஜூன் 18, புதன்

தினவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பழைய பதிவுகளை இருந்தபடியே தாருங்கள், ஒரு மனிதரின் பெயர் அதில்தான் இருக்கிறது என்று. மூன்று தடவை படித்துவிட்டு அனுப்பினேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் வந்தது. 'எங்கள் பயனர்களின் வாசிப்பு அனுபவத்தை மேம்படுத்துவதற்காக பழைய பதிவுகள் செம்மைப்படுத்தப்பட்டுள்ளன. பதிவின் பொருள் மாறாமல் கவனித்து கொள்ளப்பட்டுள்ளது. முந்தைய வடிவங்கள் சேமிக்கப்படுவதில்லை. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.'

மொழிச்செம்மை பண்ணுகிறவர்கள் கடிதத்தில் இரண்டு ஒற்றுப்பிழை. அச்செடுத்துச் சிவப்பு வட்டம் போட்டேன். போட்டு என்ன செய்ய.

ஜூன் 26, வியாழன்

கந்தவேல் பள்ளிக்கே வந்துவிட்டார். இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். கடிதத்தைக் காட்டினேன்.

"திருத்துனது அவங்கதான்னு இத வச்சுச் சொல்லிரலாம் அக்கா. ஆனா அண்ணன் என்ன எழுதுனாங்கன்னு யாரு சொல்லுவா? உங்க ஞாபகத்த எழுத்தா எடுத்துக்க மாட்டாங்க. அண்ணன் வேற எங்கயாச்சும் எழுதியிருக்காங்களா? இல்ல, வேற யாராச்சும் அந்த நாள்லயே குறிச்சு வச்சிருக்காங்களா?"

இல்லை என்று சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

அலமாரி மேலே தூசி. தட்டவில்லை.

ஜூன் 30, திங்கள்

மாவு புளித்துவிட்டது. தினம் இரண்டு தோசை சுட்டு எப்போது தீர்ப்பது.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அமலோற்பவம், தங்கச்சியோடு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"கந்தவேலண்ணன் அந்தத் தாள எனக்கு வாசிச்சுக் காட்டுனாவ டீச்சர். அது எந்த மாசத்துது?"

"ஆகஸ்டு, செப்டம்பர்."

"அப்பம் ஆவணிலா. ஆவணில ஏது வாட? எங்கய்யா, அண்ணன்மாரு எல்லாம் கடலுக்குப் போறவுக. ஆவணில மேக்க இருந்து கச்சாந்தான் அடிக்கும். ஐப்பசி பொறந்தாத்தான் வாட. ஹார்பர்லயே கெடந்த மனுசன் கச்சானப் போயி வாடன்னு எழுதுவாரா? அது காத்து இல்ல டீச்சர். அது அந்த நாத்தம். அத விசாரணையில வந்து நானே சொல்லுதேன்."

இத்தனை நாள் தமிழ் சொல்லிக் கொடுக்கும் எனக்கு அந்த மாதக்கணக்கு தோன்றவே இல்லை.

அவள் கிளம்பவில்லை. இன்னொன்றும் கேட்டாள்.

"அப்பம் உங்க வீட்டுக்காரவுகளுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. வாசல்ல நாங்க நாலு பொம்பளைய நின்னோம். எங்ககிட்ட ஏன் டீச்சர் ஒரு வார்த்த சொல்லல?"

நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர்கள் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து போன வருடத்து டைரியை எடுத்தேன். துணியில் சுற்றிக் கட்டி வைத்தது நான்தான். அவிழ்க்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஆகஸ்ட் 20: 'அவர் கண் சிவந்து வந்தார். பிளாண்டில் வாடையாம். மேனேஜரிடம் சொன்னதற்கு ஏசினாராம்.' செப்டம்பர் 3: 'மறுபடியும் வாடையாம். வால்வு மாற்றச் சொன்னாராம். மறுபடியும் ஏச்சு.' இப்படி ஆறு இடத்தில் இருக்கிறது. கந்தவேல் கேட்டது இதுதான். இருபத்தாறாம் தேதியே எனக்குத் தெரியும்.

கடைசிப் பக்கத்தையும் இங்கே எடுத்து எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

'அக்டோபர் 14, திங்கள். காலை எட்டரை. எழுந்ததிலிருந்து வாடைப் புராணம். இன்று உள்ளே போக மாட்டேன், வாசலில் ஐஸ் அள்ளும் பெண்களிடமும் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். ஊரைக் கூட்டி மானத்தை வாங்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று ஏசி அனுப்பினேன். தோசையைத் தொடவில்லை. போகட்டும், பசித்தால் வரும் புத்தி.'

அதற்குப் பிறகு அந்த டைரியில் எல்லாம் வெள்ளைத் தாள்.

முந்தின நாள் கடைத்தெருவில் தனபாலன் மனைவி என்னை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் பிளாண்டைப் பத்தி ஃபோன்ல என்னவோ எழுதுறாராமே டீச்சர்" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். அந்த வெட்கத்தை நான் அவர் மேல் கொட்டினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். பதினோரு மணிக்குக் கசிந்தது.

ஜூலை 7, திங்கள்

மதியம் ஆறாம் பாடவேளை எனக்கு வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் நான் மட்டும். டைரியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அதை எழுதிய அதே நீலப் பேனாவும் இருந்தது.

ஏ-யை அடித்துவிட்டுப் பே போட வேண்டும், அவ்வளவுதான். பேசி அனுப்பினேன். அடித்தல் திருத்தல் என் டைரியில் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. யாரும் கேட்கப்போவதில்லை. 'வாயை மூடிக்கொண்டு' என்பதன் மேல் ஒரு சொட்டு மை கொட்டினால் தீர்ந்தது. அவர் பெயரும் நிமிரும், என் பெயரும் கெடாது.

பேனா மூடியைக் கழற்றினேன். தினவரிக்காரர்களுக்காவது அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் தோசையைத் தள்ளி வைத்தது தெரியும். மூடியைப் போட்டுவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போய்ப் புணர்ச்சி விதி நடத்தினேன். ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை.

ஜூலை 9, புதன்

கந்தவேலிடம் டைரியைக் கொடுத்தேன். இல்லை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். கடைசிப் பக்கம் வரை நின்றபடியே படித்தார். "அக்கா, இந்தப் பக்கம் வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

அமலோற்பவம் முதலில் சொன்னாள். ஆவணியில் கச்சான், ஐப்பசியில் வாடை. பிளாண்ட் வக்கீல் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. தேதியையும் தமிழ் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு நான். டைரியை நானே வாசிக்க அனுமதித்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் வாசித்தேன்.

"ஏசினார்னா என்னம்மா? எங்க ஊர்ல இந்த வார்த்தை கிடையாது" என்றார் அதிகாரி.

"திட்டினார்ன்னு அர்த்தம் மேடம். கசியுதுன்னு சொல்லப் போனதுக்குத் திட்டு வாங்கிட்டு வந்தார். பதினாலு தடவையும் தினவரியில அதத்தான் எழுதினார். மொழி தெரியாத எதுவோ அதத் திருத்திடுச்சு."

தனபாலன் அன்று ஃபோனைப் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அமலோற்பவம் எனக்கு ஆறடி தள்ளி பெஞ்சில் இருந்தாள். தலையை என் குரல் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் அள்ளும் பெண்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார் என்பதை வாசித்தபோது அவள் கை பெஞ்சு விளிம்பைப் பிடித்தது. அடுத்த வாக்கியத்தையும் வாசித்தேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்தேன். மேனேஜர் ஏசியது எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. கடைசிப் பத்தியில் 'வேலையைப் பாருங்கள் என்று பேசி அனுப்பினேன்' என்று இருந்தது.

"இங்க தப்பா இருக்கு" என்றேன்.

தட்டச்சு செய்த பெண் எட்டிப் பார்த்தாள். "மேனேஜர் ஏசினார், சரி மேடம். இது நீங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட... பேசின்னுதான் வரும்னு நெனச்சேன்."

கந்தவேல் என் காதருகே குனிந்தார். "விடுங்க அக்கா. நமக்கு வேண்டியது மேனேஜர் ஏசுனதுதான். அது பதிஞ்சாச்சு. இது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கந்தவேலும் கெட்டது சொல்லவில்லை. பேனாவும் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் நான் பேசி அனுப்பியவளாகவே காலத்துக்கும் இருந்திருப்பேன்.

"பிழை இல்லம்மா. ரெண்டு இடத்துலயும் ஒரே வார்த்தைதான். ஏ போட்டு அடிங்க" என்றேன்.

அடித்துக் கொண்டுவந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முடிவு வர இரண்டு மாதம் ஆகுமாம். அண்ணன் பெயர் தப்பிவிடும் என்று கந்தவேல் சொன்னார். தப்ப வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் அமலோற்பவம் இருந்தாள். அவளைத் தூண் ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தங்கச்சி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நான் தள்ளியே நின்றேன். வெயில் கொளுத்தியது. என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்வது என்று காத்திருந்தேன்.

"டீச்சர்" என்றாள் கடைசியில், முகத்தைத் திருப்பாமல். "எனக்குப் போர்டு தெரியாது. நம்ம ஊரு பஸ் வந்தாச் சொல்லுங்க."

இரண்டு பஸ் போயின. மூன்றாவது எங்களுடையது. சொன்னேன்.